தாம்பரம் பக்கம் ஒரு கேமரா உலா

செல்போன் கேமராவில் நைட், போர்ட்ரெய்ட், ஸ்போர்ட்ஸ் என்று மோடுகள் வரிசையாக இருந்தும் பலரும் அவற்றைத் தொடுவதே இல்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் பழகிப் பார்க்கத் தாம்பரம் வட்டாரம் தோதான இடம்.

காலையில் பள்ளிக்கரணை. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த சதுப்புநிலம். கூழைக்கடா சிறகு விரித்து எழும் நொடிக்கு ஸ்போர்ட்ஸ் மோடுதான் சரி. ஷட்டர் சட்டென்று மூடிக்கொள்வதால் இறக்கை கலங்கலாக விழாது. உங்கள் போனில் அந்த மோடு இல்லையா? அடுத்தடுத்துப் படமெடுக்கும் பர்ஸ்ட் கைகொடுக்கும்.

அடுத்து வண்டலூர். 1985-ல் இங்கே திறக்கப்பட்ட உயிரியல் பூங்காவில், குழந்தைகளை எடுக்கப் போர்ட்ரெய்ட் மோடு அழகு. மயிலுக்கு வேண்டாம். எது உருவம், எது பின்னணி என்று மென்பொருள் கணக்குப் போடும்போது, மெல்லிய கொண்டையையும் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிடும். மொட்டை மயில்தான் மிஞ்சும்! விலங்குகள் முன் ஃப்ளாஷும் கூடாது.

இருட்டியதும் தாம்பரம் ரயில் நிலையம். 1931 முதல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடும் தடம் இது. நைட் மோடு சில விநாடிகளில் பல படங்களை எடுத்து ஒன்றாக்குகிறது. அதனால் ஓடும் ரயில் வெறும் ஒளிக்கோடாகத் தேய்ந்துவிடும். நிற்கும் ரயில் பளிச்சென்று விழும். மஞ்சள் கோட்டுக்கு இப்பால் நின்று, நடைமேடைத் தூணில் கையை ஊன்றிக்கொள்ளுங்கள். பல ரயில்கள் இங்கேயே பயணத்தை முடிப்பதால் நிதானமாக எடுக்கலாம். இறங்கி நடக்கும் கூட்டம் மட்டும் நிழலாகக் கரைந்து தெரியும்.