புள்ளி தப்பிய பக்கங்கள்

நம் உம்மாவின் தாயார் கைப்பட எழுதிவைத்த அரபுத் தமிழ்க் கிதாபு ஒன்று உறவினர் வீட்டுப் பரணில் நெடுங்காலம் கிடந்தது. தாலாட்டும் கைமருந்துக் குறிப்பும் கலந்த 84 பக்கங்கள். 2019ஆம் ஆண்டில் அதனை இரவல் பெற்று, புதிதாக வாங்கிய டிஜிட்டல் காமிராவால் ஒரே இரவில், குழல்விளக்கின் அடியில் அமர்ந்து, முழுவதையும் படமெடுத்தோம். காமிராவின் சிறு திரையில் யாவும் அழகாகவே தோன்றின. நிம்மதியோடு கிதாபைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

அவ்வாண்டு ஐப்பசி மழையில் அவ்வீட்டு ஓடு பெயர்ந்து பரணில் நீர் இறங்கிற்று. கிதாபு ஒரே கட்டியாய் ஒட்டிப்போயிற்று. அதன் பின்னரே நம் படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தோம். அந்தோ! பல பக்கங்களில் எழுத்துகள் நிழலாடி இரட்டித்திருந்தன.

அரபுத் தமிழ் பயின்றோர் இவ்விழப்பின் கனத்தை அறிவர். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு அரபு எழுத்துகளோடு புள்ளிகளைக் கூட்டியே நம் முன்னோர் உருவம் சமைத்தனர். அங்கே புள்ளி கலைந்தால் சொல்லே கலைந்துவிடும்.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இன்று நிக்காஹ் வைபவங்களில் படமெடுத்து வாழ்கிறார். படங்களைக் கண்டவர், "ஹஜ்ரத், காமிராவைக் குறை சொல்லாதீர்கள், கைதான் அசைந்திருக்கிறது" என்றார். வெளிச்சம் குறைந்த இடத்தில் காமிராவின் கதவு நெடுநேரம் திறந்திருக்குமாம். நம் படங்களுக்கு ஒரு விநாடியில் 8இல் ஒரு பங்கு என்று கோப்பிலேயே பதிவாகியிருந்தது. அவ்வளவு நேரம் அசையாதிருக்க ஐம்பதைத் தாண்டிய கையால் ஆகுமா? ஐஎஸ்ஓ என்னும் அளவை 3200க்கு உயர்த்தினால் நேரம் குறையுமே என்றோம். "குறையும், ஆனால் படமெங்கும் பொடிப்பொடியாய்ப் புள்ளிகள் தோன்றும். எது பாட்டியார் வைத்த புள்ளி, எது காமிரா வைத்த புள்ளி என்று எப்படிப் பிரிப்பீர்கள்?" என்று கேட்டார். நாம் வாயடைத்துப் போனோம்.

நமக்கு நாணம் வேறொன்றிலும் இருந்தது. பஸராவில் 965ஆம் ஆண்டில் பிறந்த இப்னுல் ஹைதம், பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காண்கிறோம் என்று 'கிதாபுல் மனாழிர்' நூலின் ஏழு பாகங்களில் நிறுவியதை எத்தனை மேடைகளில் முழங்கியிருக்கிறோம்! இருட்டறையின் சிறு துளை வழியே ஒளியைச் செலுத்தி அவர் சோதித்ததைச் சொல்லி, 'காமிரா' என்பதே அரபுச் சொல் என்றுகூட ஒருமுறை பேசிவிட்டோம். அது பிழை, அறை எனப் பொருள்படும் இலத்தீன் சொல் அது. ஒளியைப் பற்றி அவ்வளவு பேசிய நாம், ஒரு ஜன்னலைத் திறந்துவைக்க நினைக்கவில்லை.

இப்போது வேறொரு வீட்டுக் கிதாபைப் படமெடுத்து வருகிறோம். முற்பகலில், நேர்வெயில் படாத ஜன்னலருகே, முக்காலியில் காமிராவைப் பூட்டி, வில்லையைத் தாளுக்கு நேர் எதிராக நிறுத்துகிறோம். ஜன்னலுக்கு எதிர்ப்புறம் ஒரு வெள்ளை அட்டை. அதில் பட்டுத் திரும்பும் ஒளி நிழலைத் தணிக்கிறது. விரல் அழுத்தும் அதிர்ச்சியும் சேராதிருக்க, அழுத்திய 2 விநாடிக்குப் பின் காமிரா தானே எடுக்கும்படி அமைத்திருக்கிறோம். வெள்ளைத் தாளைக் காமிரா சாம்பலாக்கிவிடும் இயல்புடையது; எதைக் கண்டாலும் நடுத்தர வெளிச்சமென எண்ணிக்கொள்ளும். ஆதலின் ஒளியளவை ஒரு படி கூட்டிக்கொள்கிறோம். ஒவ்வொரு படத்தையும் முழு அளவில் பெரிதாக்கிப் பார்த்த பிறகே தாள் புரளும். ஓர் அமர்வில் பத்துப் பக்கம் தேறினால் பெரிது.

பாட்டியாரின் படங்களில் 23 பக்கங்கள் இன்னும் படிக்க முடியாதவை. அவற்றுள் ஒன்று தாலாட்டு. அதில் ஒரு பெண் குழந்தையின் பெயர் வருகிறது. நம் உம்மாவின் பெயரும், சிறு வயதிலேயே மௌத்தான அவர் தமக்கையின் பெயரும் அரபெழுத்தில் முதற்புள்ளி ஒன்றாலேயே வேறுபடுவன. மேலே இருந்தால் நூன், கீழே இருந்தால் பா. அவ்விடத்தில் மேலும் கீழும் ஒரே மங்கலாக இருக்கிறது.