அண்ணாமலைக்கு அப்பால் ஒரு மலை

திருவண்ணாமலைக்குப் போகிறவர்கள் அண்ணாமலையாரைத் தரிசித்து, கிரிவலம் வந்து, ஊர் திரும்பி விடுகிறார்கள். இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால், போளூர் வழியாக ஜவ்வாது மலைக்கு ஏறிப் பாருங்கள்.

அங்குள்ள பழங்குடியினருக்கு 'மலையாளிகள்' என்று பெயர். கேரளத்துக்காரர்களோ என்று எண்ணிவிட வேண்டாம்! மலையில் வாழ்கிறவர்கள் என்பதே பொருள். பேசுவது நம் தமிழ்தான். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக் கொள்கிறார்கள். கழனியில் விளைவது சாமை. காடு தருவது தேனும் புளியும்.

செய்யாறு பிறப்பது இந்த மலையில்தான். ஆனால் மழைக்காலம் போய்விட்டால் அதில் பரிசல் விடத் தண்ணீர் இராது. படகேற ஆசைப்படுகிறவர்களுக்கு ஜமுனாமரத்தூரில் கோமுட்டேரி இருக்கிறது.

ஏரிக் காற்று சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மலைக்காரர்களின் பாடு அப்படியில்லை. சாமை வயிற்றை நிரப்பும். மடியில் காசு சேர்க்காது. ஆகவே கூலி தேடி மலையிறங்குகிறார்கள் இளைஞர்கள். 2015 ஏப்ரலில் ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்ததாகச் சொல்லிப் போலீசார் சுட்டதில் மாண்ட 20 பேரில் இந்த மலைக்காரர்களும் உண்டு.

திரும்பும்போது ஒரு பை சாமையும் ஒரு புட்டித் தேனும் வாங்கி வாருங்கள். பேரம் மட்டும் பேசாதீர்கள்!