ஏறின கியர்

கதை எழுதுகிறவனுக்கு வருகிற கடிதங்களில் பாராட்டுக் கடிதங்களை நாலு நாளில் மறந்துவிடலாம். குற்றம் சொல்லி வருகிற கடிதம் அப்படியல்ல. மேஜை டிராயருக்குள் போட்டுப் பூட்டினாலும் உள்ளேயிருந்து முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு வருஷங்களுக்கு முன், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நாட்களில், ஏற்காட்டிலிருந்து எனக்கு ஒரு கார்டு வந்தது. இந்தக் காலத்திலும் ஐம்பது பைசாக் கார்டில் எழுதுகிற மனிதர்கள் இருக்கிறார்கள்.

"ஐயா, தீபாவளி மலரில் உங்கள் கதையைப் படித்தேன். மலைப்பாதையில் ஒரு லாரி டிரைவரைக் கொன்றிருக்கிறீர்கள். கொன்றதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் தப்பாகக் கொன்றிருக்கிறீர்கள். ஒருமுறை நேரில் வந்தால் விளக்கிச் சொல்லுவேன். இப்படிக்கு, ஒரு டிரைவர்."

கீழே விலாசம் இருந்தது. எழுத்து முத்து முத்தாக இருந்தது. அதுதான் என்னை அதிகமாகச் சுட்டது.

அந்தக் கதையில் நான் செய்திருந்தது இதுதான்: காற்று பிரேக் உள்ள புது லாரி ஒன்று மலையிறக்கத்தில் வருகிறது, காற்றுக் குழாய் அறுந்துபோகிறது, பிரேக் பிடிக்கவில்லை, லாரி பிய்த்துக்கொண்டு ஓடிப் பள்ளத்தில் விழுகிறது. இரண்டு பக்கம் விறுவிறுப்பாக எழுதியிருந்தேன். சில நண்பர்கள் டெலிபோனில் கூப்பிட்டு, "வயிற்றைக் கலக்கிவிட்டது" என்றுகூடச் சொன்னார்கள். கல்லூரிப் படிப்பை இரண்டாம் வருஷத்தோடு நிறுத்திக்கொண்டவன் நான். யந்திர சாஸ்திரத்தில் என்னுடைய ஞானம் சைக்கிளுக்குக் காற்றடிப்பதோடு முடிந்துவிடும். ஆனால் கற்பனைக்கு லைசென்ஸ் எதற்கு என்கிற திமிர் மட்டும் இருந்தது.

அடுத்த வாரமே சேலம் போய், அங்கிருந்து பஸ் ஏறினேன். அடிவாரம் தாண்டியதும் பஸ் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். பத்தாவது வளைவைத் தாண்டும்போது காதடைத்தது. மேலே சில்வர் ஓக் மரங்களும், அவற்றில் ஏறிய மிளகுக் கொடிகளும், கீழே காப்பிச் செடிகளுமாகப் பச்சை வேறு தினுசாக மாறியது. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இங்கே காப்பிச் செடி கொண்டுவந்து வைத்தார் என்கிறார்கள். சேர்வராயன் என்ற மலைச்சாமியின் பெயரை 'ஷெவராய்' என்று திருத்தியதும் அந்தத் துரைமார்கள்தான். இன்றைக்கும் காப்பி நன்றாகத்தான் இருக்கிறது. பெயர் மட்டும் வாயில் நுழையவில்லை.

பெரியவர் நாகலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் வாசலில் எனக்காகக் காத்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். தலையில் குரங்குக் குல்லாய், கழுத்தில் துண்டு. "வாங்க தம்பி, மழைல வந்திருக்கீங்க. முதல்ல காப்பி குடிங்க, அப்புறம் சண்டை போடலாம்" என்றார்.

சண்டை போடுவதற்கான களம் கொட்டகையில் நின்றது. ராணுவத்திலிருந்து ஏலத்தில் கழிந்துவந்த நாலு சக்கர இழுவை லாரி. அதன் கம்பெனிப் பெயர்ப் பலகை எந்தக் காலத்திலோ விழுந்துபோய்விட்டது. இன்ஜின் ஒரு ஜாதி, பிரேக் ஒரு ஜாதி, கதவு இரண்டும் வேறு வேறு ஜாதி. இந்த மாதிரி லாரிகளுக்கு நம் நாட்டில் பெரிய வம்சாவளி உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தில் கானடாவின் ஃபோர்டு, ஷெவர்லே தொழிற்சாலைகள் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட ராணுவ லாரிகளைச் செய்து அனுப்பின. நம் பட்டாளத்திலும் அவை ஓடின. யுத்தம் முடிந்ததும் 'டிஸ்போசல்' என்ற பெயரில் வந்த பட்டாளத்து வண்டிகள் எத்தனையோ பேரை லாரி முதலாளிகளாக்கின. பிறகு 1959 முதல் ஜபல்பூரில், ஜெர்மனியின் மான் கம்பெனி லைசென்ஸில் 'சக்திமான்' லாரிகள் பிறந்தன. பட்டாளத்தில் பென்ஷன் வாங்கிய வண்டிக்கு மலையில் மரம் இழுக்கிற உத்தியோகம் கிடைப்பது சகஜம். மழைக்காற்றில் சாய்ந்த சில்வர் ஓக் மரங்களை எஸ்டேட்டின் உட்பள்ளத்திலிருந்து ரோட்டுக்குக் கொண்டுவருவதுதான் அன்றைய வேலை.

இன்ஜினை ஓட விட்டுவிட்டு, பெரியவர் கைகட்டி உட்கார்ந்துவிட்டார்.

"போகலையா, ஐயா?"

"காத்து ஏறட்டும்" என்று முள் ஒன்றைக் காட்டினார். முள் மெல்ல மெல்ல ஏறியது. ஏழு கிலோவைத் தொட்டதும்தான் கையை ஸ்டியரிங்கில் வைத்தார். "இப்பப் பாருங்க" என்று டாஷ்போர்டில் இருந்த ஒரு குமிழை அமுக்கினார். வண்டிக்கு அடியில் புஸ்ஸென்று ஒரு பெருமூச்சு. "இதுதான் உங்க கதையக் கொன்ன பெருமூச்சு."

விஷயம் இதுதான். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு டப்பா. அதற்குள் முரட்டு ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் சுபாவம் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இருப்பது. அதை அமுக்கி, பிரேக்கை விடுவித்து வைத்திருப்பது காற்று. காற்றுக் குழாய் அறுந்தால் என்ன ஆகும்? அமுக்குகிறவன் போய்விட்டான், ஸ்பிரிங் நீண்டுகொள்ளும், சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதாவது, என் கதையில் பள்ளத்தை நோக்கிப் பாய்ந்த லாரி, நிஜத்தில் நடுரோட்டில் சண்டிமாடு மாதிரி நின்றிருக்கும். பின்னால் வருகிறவன் திட்டியிருப்பான். அவ்வளவுதான்.

ஊருக்குத் திரும்பிய பிறகு இதைப் பற்றிப் படித்துப் பார்த்தேன். அமெரிக்காவில் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்பவர் 1869-இல் ரயிலுக்குக் காற்று பிரேக் கண்டுபிடித்துப் பேடண்ட் எடுத்தார். அதில் காற்றை அனுப்பினால்தான் பிரேக் பிடிக்கும். குழாய் அறுந்தால் ஆண்டவன்தான் துணை. 1872-இல் அவரே அதைத் தலைகீழாக்கினார். குழாயில் காற்று குறைந்தால் தானே பிரேக் பிடிக்கும்படி செய்தார். ஆக, நான் புது லாரியை ஓட்டவிட்டுவிட்டு, அதற்கு 1869-ஆம் வருஷத்துப் பிரேக்கை மாட்டியிருக்கிறேன்!

எஸ்டேட் பாதையில் இறங்கினோம். செம்மண் குழம்பாகிக் கிடந்தது. பெரிய கியர்த் தடிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன லீவர் இருந்தது. வண்டியை நிறுத்தி, கிளட்சை மிதித்து, அந்தச் சின்ன லீவரை இழுத்தார். டிணுக்கென்று ஒரு சத்தம். "இப்ப முன்சக்கரமும் வேலைக்கு வந்தாச்சு. இதுல ஹை இருக்கு, லோ இருக்கு. நடுவுல ஒண்ணுமில்லாத இடமும் இருக்கு. அந்த நடு இடந்தான் எமன்."

"ஏன்?"

"மேட்டுல வண்டிய முதல் கியர்ல போட்டு நிறுத்திட்டோம், இனி நகராதுன்னு நம்பி இறங்குவான். சின்ன லீவர் நடுவுல நின்னிருந்தா, இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. கியர் எதுல இருந்தா என்ன? வண்டி அதுபாட்டுக்குப் போயிரும். அதுக்குத்தான் கல்லு வைக்கிறது."

சரிவில் வண்டி மூக்கைக் கவிழ்த்தபோது நான் கால் இரண்டையும் தரையில் ஊன்றிக்கொண்டேன், ஏதோ என் செருப்பில் பிரேக் இருப்பதுபோல. அவருடைய கால்கள் பெடலைத் தொடவே இல்லை. லோவில், இரண்டாவது கியரில், லாரி கர்ப்பிணிப் பெண் படியிறங்குகிறாற்போல அடியடியாக இறங்கியது. சேற்றில் பிரேக்கை மிதித்தால் சக்கரம் சுற்றாமல் நிற்குமே தவிர, வண்டி நிற்காது. வழுக்கிக்கொண்டு தன் இஷ்டத்துக்குப் போகும். இன்ஜினே நாலு சக்கரத்தையும் பிடித்துக்கொண்டு இறங்கினால் வழுக்காது. கிளட்சை மட்டும் தொடக்கூடாது. தொட்டால் பிடித்த கையை விட்டதுபோல.

மரம் ஏற்றிக்கொண்டு தார் ரோட்டுக்கு வந்ததும் முதல் காரியமாகச் சின்ன லீவரைத் தள்ளி முன்சக்கரத்தை விடுவித்தார். நாலு சக்கரமும் இழுத்தால் நல்லதுதானே என்று கேட்டேன். பதில் சொல்லாமல் மறுபடி லீவரைப் போட்டு, ஒரு வளைவில் வண்டியைத் திருப்பி, என் கையை ஸ்டியரிங்கின்மேல் வைத்தார். யாரோ எதிர்ப்பக்கம் இழுக்கிறமாதிரி கனத்தது. வண்டி கட்டுண்டதுபோல் திமிறியது.

திருப்பத்தில் முன்சக்கரங்கள் பெரிய வட்டம் போடுகின்றன. பின்சக்கரங்கள் உள்ளே சின்ன வட்டம் போடுகின்றன. முன்னதற்கு வழி அதிகம். இரண்டையும் ஒரே வேகத்தில் சுற்று என்று சேர்த்துக் கட்டிவிட்டால் கணக்கு எப்படி ஒத்துவரும்? மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கிக் கணக்கைச் சரிக்கட்டிக்கொள்ளும். தாரில் வழுக்காது. தண்டுக்குள் முறுக்கு ஏறிக்கொண்டே போகும். கடைசியில் லீவர் கழலாமல் இறுகிக்கொள்ளும். அன்றைக்கும் இறுகிக்கொண்டது. அவர் பதறவில்லை. வண்டியை இரண்டு முழம் பின்னால் விட்டார். முறுக்கு தளர்ந்து, லீவர் வெண்ணெய்போல வந்தது. கூட்டுக் குடும்பத்தில் இருக்கிறவர்களுக்கு இதை நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

பிற்பகலில் மரத்தோடு சேலத்துக்கு இறங்கினோம். மழை விட்டு, கீழே நகரம் கழுவி வைத்ததுபோல் தெரிந்தது. இருபதாவது வளைவிலிருந்து பலகைகள் தலைகீழாக எண்ண ஆரம்பித்தன. கண்ணாடியில் எழுதி ஒட்டாத குறையாக அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "ஏறின கியர்லதான் இறங்கணும்." ஏறும்போது இரண்டாவது கியர் கேட்ட வளைவுக்கு, இறங்கும்போதும் இரண்டாவதுதான். எக்ஸாஸ்ட் பிரேக் என்று ஒன்று போட்டார். புகை போகிற குழாயின் தொண்டையை அது அடைக்க, இன்ஜின் உறுமி வண்டியைப் பிடித்தது. கால் பிரேக்கை வளைவுக்கு முன்னால் ஓர் அழுத்து அழுத்தி விட்டுவிடுவார். மிதித்துக்கொண்டே வருவதில்லை.

எனக்குப் பௌதிகம் கொஞ்சம் ஞாபகம் இருந்தது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். சேலம் சுமார் 280. பத்து டன் லாரி 1,200 மீட்டர் இறங்கினால், அந்தச் சக்தி எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். நானூறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற உஷ்ணம்! அத்தனையையும் நாலு பிரேக் டிரம்கள் வாங்கிக்கொண்டால் என்ன ஆகும்? டிரம் விரியும், லைனர் கருகும், பிடிப்பு போய்விடும். பெடல் காலுக்குக் கீழே இருக்கும், பிரேக் இருக்காது. இதைப் பெருமையோடு அவரிடம் சொன்னேன்.

அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. ஓரிடத்தில் ரோடு அகலமாக இருந்தது. லாரியை ஓரங்கட்டி, குமிழை இழுத்தார். மறுபடி அந்தப் பெருமூச்சு. இறங்கிப் போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்தார்.

"1984-ல இந்த ரோட்டுலதான். எனக்கு இருபத்து நாலு வயசு. கிளீனர் பையனுக்குப் பதினேழு. முதலாளி டீசல் கணக்குக் கேப்பாரு. மிச்சம் பிடிச்சா எனக்கும் அதுல காசு. அதனால நியூட்ரல்ல விட்டு இறக்குவேன். எத்தனையோ தடவை இறக்கியிருக்கேன். அன்னிக்கு நாலு வளைவு தாண்டறதுக்குள்ள லைனர் வாசனை வந்திருச்சு. பையன்தான் முதல்ல சொன்னான், 'அண்ணே, கருகுற வாடை வருது'ன்னு. நான் 'போடா'ன்னேன். அப்புறம் மிதிச்சா ஒண்ணுமில்லை. கியர்ல போடப் பார்த்தா அந்த வேகத்துல விழுகலை. கறகறன்னு அரைக்குது. 'குதிடா'ன்னு கத்தினேன். குதிச்சான். பாறைப் பக்கம் குதிச்சிட்டான். நான் வண்டியை மலைமேல சாய்ச்சு நிறுத்திட்டேன். எனக்கு இந்தக் கை மட்டும் ஒடிஞ்சுது."

கையைக் காட்டினார். முழங்கைக்குக் கீழே கொஞ்சம் கோணியிருந்தது. காலையிலிருந்து அந்தக் கைதான் சின்ன லீவரைப் போட்டும் எடுத்தும் வந்தது. நான் கவனிக்கவில்லை.

"கேட்டவங்ககிட்ட எல்லாம் 'பிரேக் பிடிக்கலை'ன்னு சொன்னேன். பொய் இல்லை தம்பி. பிடிக்கலைதான். அப்படியே எழுதிக்கிட்டாங்க. அவங்கம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'நீயாவது பிழைச்சியே, சாமி'ன்னு அழுதாங்க. அந்தம்மா போய்ச் சேர்ற வரைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் போய்ப் பார்த்துட்டு வந்தேன். ஒரு வருஷமும் சொல்ல வாய் வரலை." துண்டால் கண்ணாடியின் ஈரத்தைத் துடைத்தார், துடைக்க அங்கே ஈரம் இல்லை. "உங்க கதையிலயும் பிரேக் மேலதான் பழி. அதப் படிச்சதும் எனக்குக் கோவம் வந்திருச்சு. நாப்பது வருஷமா நான் சொன்ன அதே கதை. நீங்களாவது மாத்தி எழுதுங்க. என் பேரு வேண்டாம்."

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. எழுத்தாளனுக்கு இந்த இடங்களில்தான் வார்த்தை பஞ்சமாகிவிடுகிறது. "சரி, ஐயா" என்றேன். அவர் இறங்கிக் கல்லை எடுத்துவிட்டு வந்து, காற்று முள்ளைப் பார்த்து, இரண்டாவது கியரில் வண்டியை விட்டார். அடிவாரம் வரை நாங்கள் பேசவில்லை.

கதையை மாற்றி எழுதினேன். முன்பு மூன்று நாளில் எழுதிய கதை இப்போது நாலு மாதம் பிடித்தது. விறுவிறுப்புக் குறைந்துவிட்டது என்று அதே நண்பர்கள் டெலிபோனில் சொன்னார்கள். புஸ்தகமாக வந்ததும் முதல் பிரதியை நாகலூர் விலாசத்துக்கு அனுப்பிவைத்தேன். இரண்டு வாரம் கழித்து அதே முத்தெழுத்தில் கார்டு வந்தது.

"புஸ்தகம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். பையன் பேசுகிற இடம் சரியாக இருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்த வளைவுக்கு மூன்றாவது கியர் என்று போட்டிருக்கிறீர்கள். இரண்டாவது. அடுத்த பதிப்பில் திருத்தவும்."