இருபத்து நான்கு புத்தகங்களும் ஒரு முடிதிருத்துபவரும்

கடந்த ஆண்டின் தொடக்கத்தில் நாட்குறிப்பின் முதல் பக்கத்தில் ஒரு தீர்மானத்தை எழுதி வைத்தேன்: இந்த ஆண்டில் 24 புத்தகங்கள். திருமணத்திற்கு முன் வாரம் ஒரு நூல் படித்தவள் நான். பிள்ளைகள், அடுக்களை, ஆசிரியப் பணி என்று பதினைந்து ஆண்டுகளில் கைநழுவிப் போன பழக்கத்தை மீட்டெடுக்க வேண்டும் என்பதே என் நோக்கம். கைப்பேசியில் அதற்கென ஒரு செயலியும் வைத்துக்கொண்டேன். ஒரு நூலை முடித்தால் எண் ஒன்று கூடும். பின்தங்கினால் எத்தனை நூல்கள் குறைகின்றன என்று அதுவே சொல்லும்.

முதல் சில மாதங்கள் இனிமையாகவே கழிந்தன. பிறகு எண் என்னை ஆளத் தொடங்கியது. தடித்த நூல்களைத் தவிர்த்தேன். வருணனைகளைத் தாண்டினேன். முடித்த நூலைப் பற்றி ஒரு நாளேனும் எண்ணிப் பார்க்காமல் அடுத்ததை எடுத்தேன். அப்படியும் செப்டம்பர் இறுதியில் 16 நூல்களே ஆகியிருந்தன. கணக்குப்படி 18 ஆகியிருக்க வேண்டும்.

அந்த அவசரத்தில்தான் மகள் பள்ளி நூலகத்திலிருந்து கொண்டு வந்திருந்த 'மோமோ'வின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கையில் எடுத்தேன். ஜெர்மன் எழுத்தாளர் மிகாயேல் எண்டே 1973இல் வெளியிட்ட மிகுபுனைவு நாவல் அது. சிறுவர் நூல்தானே, இரண்டே நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

பெருநகர் ஒன்றின் ஓரத்தில், சிதைந்து கிடக்கும் பழைய அரங்கில் மோமோ என்னும் சிறுமி தனியே வாழ்கிறாள். பிறர் பேசுவதை முழுமனத்தோடு கேட்பதே அவளுடைய ஒரே திறமை. அந்நகருக்குச் சாம்பல் நிற மனிதர்கள் வருகிறார்கள். நேரத்தைச் சேமித்துத் தருவதாகச் சொல்லி மக்களின் நேரத்தைத் திருடுவதே அவர்களின் தொழில்.

அவர்களுள் ஒருவன் ஃபூசி என்ற முடிதிருத்துபவரிடம் வருகிறான். எழுபது ஆண்டு வாழ்க்கையை வினாடிகளாக்கி, 220 கோடிக்கும் மேல் என்று கண்ணாடியில் எழுதிக் காட்டுகிறான். உறக்கம், வேலை, உணவு என்று ஒவ்வொன்றாகக் கழித்து வருகிறான். செவி மந்தமான முதிய தாயுடன் ஃபூசி தினமும் ஒரு மணி நேரம் அமர்ந்து பேசுவதையும் வீண் செலவாகவே எழுதுகிறான்.

அந்த இடத்தில் நூலை மூடிவிட்டேன்.

வாப்பா மறைந்த பின் உம்மா எங்களோடுதான் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் வார இதழ்களைத் தவறாமல் படித்தவர்கள். இப்போது பார்வை மங்கி எழுத்துகள் தெரிவதில்லை. இஷா தொழுகைக்குப் பின் என் அருகில் வந்து அமர்வார்கள். வாப்பா முதன்முதலாக வானொலிப் பெட்டி வாங்கி வந்த நாளைப் பற்றித் தொடங்குவார்கள். நூறு முறை கேட்ட கதை என்று நான் தலையை மட்டும் அசைத்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டுவேன். சற்று நேரத்தில், “நீ படிம்மா” என்று எழுந்து போய்விடுவார்கள். அந்தச் சாம்பல் நிற மனிதன் என்னைத் தேடி வர வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கணக்கை நானே எழுதி வைத்திருந்தேன்.

மறுநாள் இரவு நூலோடு உம்மாவின் கட்டிலில் போய் அமர்ந்தேன். ஆங்கிலத்தில் ஒரு பத்தியைப் படித்து, அதைத் தமிழில் சொன்னேன். ஓர் இரவில் பத்துப் பக்கம்கூட நகரவில்லை. உம்மா இடைமறித்துக் கேள்வி கேட்பார்கள், நானும் சொல்வேன். “இதெல்லாம் நடந்த கதையா?” என்று ஒருநாள் கேட்டார்கள். இல்லை, கற்பனை என்றேன். “நடக்காததா? நம்ம வீட்டிலேயே நடக்குதே” என்றார்கள். என்னிடம் பதில் இல்லை.

உம்மாவுக்கு மிகவும் பிடித்தவர் பெப்போ என்ற தெருக்கூட்டும் முதியவர். நீண்ட தெருவை முழுவதுமாக ஒரே நேரத்தில் நினைக்கக் கூடாது, அடுத்த அடியையும் அடுத்த மூச்சையும் மட்டுமே நினைக்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அதைக் கேட்டபோது மதரஸாவில் ஓதிய நாட்கள் நினைவுக்கு வந்தன. வேகமாக ஓதி முடித்து வீட்டுக்கு ஓடத் துடித்த எங்களை உஸ்தாத் நிறுத்தி, அதே ஆயத்தை மீண்டும் ஓத வைப்பார். நிறுத்தி நிதானமாக ஓதுவதற்குத் ‘தர்தீல்’ என்று பெயர் என அவர் கற்பித்ததை, ஓதுவதற்கு மட்டுமே உரியதாக எண்ணி இத்தனை காலம் இருந்துவிட்டேன்.

மோமோவை முடிக்க ஐந்து வாரங்கள் ஆயின. இடையே ஓர் இரவு வானொலிக் கதை மீண்டும் வந்தது. இம்முறை நூலை மூடி வைத்துவிட்டு இறுதிவரை கேட்டேன். வாப்பா கொழும்புக்குச் சபர் போகும் நாட்களில் இரவில் வீடு அமைதியாக இருந்தால் உம்மா அஞ்சுவார்களாம். ஒரு குரலாவது கேட்கட்டும் என்றுதான் அந்தப் பெட்டியை வாங்கி வந்தார்களாம். நூறு முறை கேட்டதாக நான் எண்ணியிருந்த கதையின் இந்தப் பகுதியை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.

ஆண்டு முடிந்தபோது எண் 19இல் நின்றது. ஐந்து நூல்கள் குறைவு என்று செயலி அறிவித்தது. இலக்கு வைப்பது தவறென்று நான் சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் மோமோவையே நான் தொட்டிருக்கமாட்டேன். இந்த ஆண்டும் நாட்குறிப்பில் ஓர் எண் உண்டு: 12. அவற்றுள் நான்கையாவது உம்மாவின் கட்டிலில் அமர்ந்து வாய்விட்டுப் படிக்க வேண்டும், இன்ஷா அல்லாஹ். அடுத்த நூலிலும் ஓர் ஆமை வருமா என்று இப்போதே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.