பழைய விரைவு வண்டிகள்

மாந்தர் உள்ளத்தைக் கவரும் பொருள்களுள் விரைவும் ஒன்றாம். குழவிப் பருவத்தில் நடை பயின்ற மறுநாளே ஓட விழைகின்றோம். இளமை எய்தியபின், காலாற் கூடாத விரைவை இயந்திரத்தால் அடைய அவாவுகின்றோம். இவ்வவாவினை நிறைவிக்கவே அமெரிக்க நாட்டில் ஒரு காலத்தில் செய்யப்பெற்ற மோட்டார் வண்டிகளைப் பற்றியும், அவை நமக்குப் புகட்டிய பாடம் ஒன்றைப் பற்றியும் ஈண்டுச் சிறிது கூறுவாம்.

இவ்வண்டிகளுக்கு 'ஸ்பீட்ஸ்டர்' என்பது பெயர். இவற்றிற்குக் கூரையில்லை, பலவற்றிற்குக் கதவுமில்லை. இருவர் அமரும் இருக்கை, அதன்பின் பெட்ரோல் கலம், முன்னே நீண்ட இயந்திரம், நான்கு சக்கரங்கள்: இவ்வளவே வண்டி. பாரத்தைக் குறைத்தால் விரைவு மிகும் என்னும் எளிய உண்மையே இவ்வமைப்பிற்குக் காரணம்.

நியூ ஜெர்சி மாகாணத்து டிரென்டன் நகரில் 1911-ஆம் ஆண்டு முதல் விற்கப்பெற்ற மெர்சர் ரேஸபௌட் இவ்வகையில் புகழ் வாய்ந்தது. பின்லி ராபர்ட்ஸன் போர்ட்டர் என்பார் அதனை அமைத்தவர். மணிக்கு 70 மைல் செல்லவல்ல அவ்வண்டியில், ஸ்டீரிங் தண்டின்மேல் பொருத்திய வட்டக் கண்ணாடி ஒன்றே ஓட்டுவார் முகத்திற்குக் காவல். அதே 1911-இல் இண்டியானபோலிஸ் நகரில் முதன்முறையாக 500 மைல் பந்தயம் நடந்தது. ஹாரி ஸ்டட்ஸ் என்பார் விரைந்து செய்தனுப்பிய புது வண்டி அதில் பரிசு பெறாவிடினும், பழுதின்றி ஓடி முடித்துப் பதினோராம் இடம் பெற்றது. அவ்வெற்றியினின்று பிறந்ததே ஸ்டட்ஸ் பேர்கேட் என்னும் வண்டி.

இவையெல்லாம் 2,000 டாலரும் அதற்கு மேலும் விலை பெற்றமையின் செல்வர்க்கே உரியவாயின. பொருளற்ற இளைஞர் யாது செய்தனர்? 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் வெளிவந்த போர்டு மாடல் டி வண்டிகளுள் பழையதொன்றைச் சில டாலருக்கு வாங்கினர். மேற்கூட்டைக் கழற்றி எறிந்தனர். தகரத்தால் மெல்லிய கூடு செய்து பொருத்தினர். அதன் இயந்திரம் 20 குதிரைத்திறனே உடையது. அதனைப் பெருக்க, செவ்ரோலே உடன்பிறந்தார் செய்து விற்ற பிரான்டினாக் சிலிண்டர் தலை முதலிய உறுப்புக்களை வாங்கி மாட்டினர். இங்ஙனம் எத்துணையோ வீட்டுக் கொட்டகைகள் தொழிற்சாலைகளாயின!

இவ்வரிசையின் முடிவில் மிளிர்வது 1935-இல் வெளிவந்த ஆபர்ன் 851 ஸ்பீட்ஸ்டர். கார்டன் பியூரிக் வரைந்த அவ்வண்டியின் பின்புறம் படகின் முனைபோற் கூர்ந்திருக்கும். வண்டிதோறும், மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓடியதென ஏப் ஜென்கின்ஸ் என்னும் பந்தய வீரர் கையொப்பத்தொடு சான்றுரைக்கும் தகடொன்று பதிக்கப்பெற்றிருந்தது. எனினும் பொருள் முடையால் ஆபர்ன் வண்டிகளின் உற்பத்தி 1936-இல் நின்றது. இந்தியானா மாகாணத்து ஆபர்ன் நகரில், அக்கம்பெனியின் பழைய காட்சிக்கூடமே 1974 முதல் பொருட்காட்சிச் சாலையாக விளங்குகின்றது.

அந்த இந்தியானாவில் நாம் சில ஆண்டுகள் கல்வி பயின்றோம். நம் கலாசாலையில் நம்மொடு ஒரே விடுதி அறையில் உறைந்த தோழர் ஒருவரும் அங்கு வந்திருந்தார். ஓர் இரவு இருவரும் புது மோட்டார் வண்டியொன்றில் நெடுஞ்சாலையிற் சென்றோம். அவரே ஓட்டினார். கண்ணாடிகள் மூடியிருந்தன, இன்னிசை ஒலித்தது, வண்டி தொட்டில் போல மென்மையாய்ச் சென்றது. முள் 90 மைலைக் காட்டிற்று. இன்னும் விரையலாமா என அவர் வினவினார். விரைக என்றோம். மழையில் நனைந்திருந்த வளைவொன்றில் சக்கரம் வழுக்கியது. நாம் பிழைத்தோம், அவர் பிழைத்திலர்.

சில திங்கள் கழிந்தபின், முதியவர் ஒருவர் தாமே செப்பனிட்ட மாடல் டி ஸ்பீட்ஸ்டரில் எம்மை ஏற்றிச் சென்றார். காற்று முகத்தில் அறைந்தது. கண்களில் நீர் வழிந்தது. சாலையின் ஒவ்வொரு கல்லும் எலும்பில் உறைத்தது. முன் சக்கரங்களுக்குப் பிரேக் இல்லாத அவ்வண்டியில் இருக்கையை இறுகப் பற்றிக்கொண்டு, எத்துணை விரைவு என வினவினோம். 40 மைல் என்றார். வேகம் போதுமா என்று அவர் கேட்டபோது, போதும் என்று சொல்ல நாவெழாமல் தலையசைத்தோம். அவ்விரவு சொல்லியிருக்க வேண்டிய சொல் அதுவே என்பது அப்பொழுது விளங்கிற்று.

பழைய வண்டிகளில் இடர் குறைவென்று நாம் கூறவில்லை. அவை பல உயிர்களைக் கொண்டன. ஆயின் அவை விரைவை மறைத்தில. தம்மை ஓட்டுவார்க்கு அவர் செய்யும் செயல் இன்னதென்று கணந்தோறும் உணர்த்தின. அவற்றின் கவர்ச்சி அதுவே. இன்றைய வண்டிகள் இழந்ததும் அதுவே.

தோழரின் அன்னையார்க்கு நாம் எழுதிய மடலில், அவர் வினவியதையும் நாம் விடையிறுத்ததையும் எழுதினோமல்லோம். ஈண்டு எழுதுகின்றோம், இம்மலரை அவர்க்கும் அனுப்புவோம். மாணவ நண்பர்காள்! விரைவை விழைதல் இளமைக்கு இயல்பு. ஆயினும் அருகிருப்பார் இன்னும் விரையலாமா என வினவுங்கால், போதும் என்று கூறத் தயங்கற்க.