டயரில் இருந்த நான்கு இலக்கம்

2022 செப்டம்பர் மாதம், சம்பளம் கொஞ்சம் ஏறிய கையோடு என் பழைய மைவிக்கு ஸ்போர்ட் ரிம் மாட்டினேன். கிள்ளானில் ஒரு கடை. பயன்படுத்திய 16 இன்ச் ரிம் நான்கு, டயரோடு சேர்த்து 1,400 ரிங்கிட். கறுப்பு நிறம், விளிம்பில் மட்டும் பளபளவென்று ஒரு கோடு. "பூ எண்பது விழுக்காடு இருக்கு பாஸ்" என்றார் கடைக்காரர். குனிந்து பார்த்தேன். டயர் கோடுகள் ஆழமாகத்தான் இருந்தன. அதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதும் அப்போது தெரியாது.

அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில், சிவப்பு விளக்கில் நின்றபோதெல்லாம் கடைக் கண்ணாடிகளில் தெரிந்த என் காரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு குறைகள் இருந்தன. வேகம் 100-ஐத் தாண்டினால் ஸ்டீரிங் லேசாக நடுங்கும். பின்னால் ஆள் ஏறினால், வேகத்தடையில் 'சர்ர்' என்று ஏதோ உரசும். வானொலியைச் சற்று உரக்க வைத்துக்கொண்டேன்.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு, துணிமணி வாங்க அப்பா, அம்மா, தங்கை மூவரும் சுங்கை சிப்பூட்டிலிருந்து கிள்ளானுக்கு வந்திருந்தார்கள். ஜாலான் தெங்கு கிளானாவில் கூட்டத்தில் நசுங்கி வீடு திரும்பியதும், அப்பா காரைச் சுற்றி வந்தார். முப்பது வருடம் செம்பனைக் குலை லோரி ஓட்டியவர். ரிம்மை அவர் பார்க்கவே இல்லை. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கைப்பேசி வெளிச்சத்தில் டயரின் பக்கவாட்டைத் தடவித் தடவி எதையோ தேடினார்.

"தம்பி, இங்க பாரு. 2613."

"அது என்னப்பா?"

"2013-ல 26-ஆவது வாரம் செஞ்சது. ஒம்பது வருஷமாச்சு. பூ நல்லா இருக்கு, ரப்பருக்கு வயசாயிடுச்சு. ஓரத்துல வெடிப்பு தெரியுது பாரு."

எனக்குச் சுருக்கென்றது. அழகாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன். "அடுத்த மாசம் மாத்திடறேன்பா" என்றேன். மேசை மேல் 500 ரிங்கிட்டை வைத்தார். சேமநிதிப் பணம். நான் எடுக்கவில்லை. அதற்குப் பெயர் மானம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை, அவர்களை ஊரில் விடப் புறப்பட்டோம். பஸ்ஸில் போகலாம் என்றார் அப்பா. பண்டிகை நேரத்தில் டிக்கெட் கிடைக்கவில்லை. "சரி, 90-க்கு மேல போகாதே" என்று சொல்லிவிட்டு முன் இருக்கையில் உட்கார்ந்தார். வழி நெடுக அவர் கண் வேகமுள்ளின் மேலேயே இருந்தது.

பீடோரைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. தாப்பாவுக்குச் சற்று முன்னால், பின்பக்கத்தில் 'டப்' என்று ஒரு சத்தம். கார் பின்னால் வழுக்கியது. அம்மா "முருகா" என்றார். என் கால் பிரேக்கை நோக்கிப் போனது.

"பிரேக் அடிக்காதே!" அப்பாவின் கை என் தொடையை அழுத்தியது. "எண்ணெய மட்டும் விடு. ஸ்டீரிங்க இறுக்கிப் பிடி. நேரா போ. அப்படியே ஓரங்கட்டு."

ஓரங்கட்டினேன். அவசரப் பாதையில் கார் நின்றபோது, ஒரு டிரெய்லர் எங்களை உரசுவதுபோல் கடந்தது. கார் முழுவதும் ஆடியது. இடது பின் டயரின் மேல்தோல் பிய்ந்து, வாழை நார் போலத் தொங்கியது.

உதிரிச் சக்கரம் இருந்தது. மாற்றிவிடலாம் என்று காரோடு வந்த ஸ்பேனரை எடுத்தேன். அது உள்ளே போகவில்லை! புது ரிம்மின் நட்டுக் குழி குறுகலானது. மெல்லிய சாக்கெட்தான் நுழையும். அதை நான் வாங்கி வைக்கவில்லை. ரோந்து வாகனம் வந்து கைகொடுக்கும்வரை முக்கால் மணி நேரம். அம்மாவும் தங்கையும் இரும்புத் தடுப்புக்கு அப்பால் ஒரே குடையில் நின்றார்கள். அம்மா புடவைப் பையை நெஞ்சோடு அணைத்திருந்தார். அந்தக் காட்சி இன்னும் என்னை விடவில்லை.

அப்பா என்னைத் திட்டவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

தீபாவளி முடிந்ததும், ஈப்போவில் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு டயர் கடைக்குப் போனோம். அங்கேதான் பாடம் படித்தேன். என் காருக்கு வந்த அளவு 175/65 ஆர்14. சக்கரத்தின் மொத்த உயரம் சுமார் 583 மில்லிமீட்டர். நான் மாட்டியிருந்த 195/50 ஆர்16, 601 மில்லிமீட்டர். அதனால்தான் உரசல். மீட்டர் 100 காட்டும்போது கார் ஓடியது 103. அதே ரிம்முக்கு 195/45 போட்டால் 582; ஏறக்குறைய பழைய உயரம்.

பாரக் குறியீடு என்று ஒன்றும் உண்டு. பழைய டயரில் 82, அதாவது ஒரு டயர் 475 கிலோ தாங்கும். 195/45-இல் 80 என்று வருவது 450 கிலோதான் தாங்கும். ஆகவே 84 கேட்டு வாங்கினோம். அது 500 கிலோ.

ஸ்டீரிங் நடுக்கத்துக்கும் காரணம் கிடைத்தது. மைவியின் அச்சு முனை 54.1 மில்லிமீட்டர். ரிம்மின் நடுத்துளை அதைவிடப் பெரிது. இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் இல்லாமலேயே மாட்டியிருந்தார்கள். சின்ன வளையம்தான், போட்டதும் நடுக்கம் நின்றது.

டயரின் வயதுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஐந்து ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், பூ எவ்வளவு இருந்தாலும் பத்து ஆண்டைத் தாண்டக் கூடாது என்பது டயர் தயாரிப்பாளர்கள் பலர் சொல்வது. வெயிலிலேயே நிற்கும் காருக்கு அந்தப் பத்தையும் நம்பக் கூடாது என்பது அப்பா சொல்வது.

"ரிம்மையும் கழற்றிப் போட்டுடவாப்பா?" என்று கேட்டேன்.

"ஏன்? ரிம்முல ஜப்பான் முத்திரை இருக்கு, வெடிப்பு இல்ல. நல்லாத்தான் இருக்கு. என் லோரிக்கு நானும் பூவும் மயிலும் வரைஞ்சு வச்சவன்தான். ஆனா டயர் வாங்கின பிறகுதான் பெயின்டுக்குக் காசு கொடுப்பேன்."

புது டயர் நான்கும் மாட்டியாயிற்று. இந்த முறை அந்த 500 ரிங்கிட்டை மறுக்காமல் வாங்கிக்கொண்டேன். நூறு கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொன்னார் கடைக்காரர். மெல்லிய சாக்கெட் ஒன்றையும் வாங்கிப் பின்னால் போட்டுக்கொண்டேன்.

கிளம்பும் முன் அப்பா மறுபடியும் கைப்பேசி வெளிச்சத்தோடு குனிந்தார். முட்டி வலி, ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டார். நான்கு டயரையும் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"3122. நாலும் ஒண்ணு. சரி, காடியை எடு" என்றார்.