பதினைந்து நாள் அங்காடி

சந்தைக்குக் கட்டடம் தேவையில்லை என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. ஓர் ஆலமரத்தடி, ஒரு பொட்டல், வாரத்தில் ஒரு கிழமை, இவை போதும். திங்கட்கிழமை ஓர் ஊரில் கடை விரித்தவர் செவ்வாயன்று அடுத்த ஊரில் இருப்பார். மாலையில் சாக்கைச் சுருட்டிவிட்டால் கடையும் இல்லை, வாடகையும் இல்லை. ஆகவே "இந்தச் சந்தையில் கடைகள் தாக்குப்பிடிக்குமா?" என்று எவரும் கேட்டதில்லை. சுற்றுமதில் எழுப்பி, நுழைவுச்சீட்டுக் கொடுத்து, ஒருபுறம் கைவினைக் கடைகளும் மறுபுறம் உணவகங்களுமாகச் சுற்றுலாப் பயணிகளுக்கென ஒரு வளாகத்தை நிறுவும்போதுதான் அக்கேள்வி பிறக்கிறது. அதற்கு விடை தேட, தலைநகரில் உள்ள தில்லி ஹாட்டைவிடப் பொருத்தமான இடம் நமக்குத் தோன்றவில்லை. 'ஹாட்' என்னும் இந்திச் சொல்லுக்கே சந்தை என்றுதான் பொருள்.

தெற்குத் தில்லியில், ஐ.என்.ஏ. பகுதியில், மூடப்பட்ட கழிவுநீர்க் கால்வாய் ஒன்றின்மேல் கிடைத்த நிலத்தில் 1994-ல் இவ்வளாகம் திறக்கப்பட்டது. கைவினைஞர் அமைப்பொன்றை நடத்திவந்த ஜெயா ஜேட்லி இவ்வெண்ணத்தை முன்வைத்தார். கட்டடக் கலைஞர் பிரதீப் சச்தேவா வடிவம் தந்தார். செங்கல் மேடைகள், கூரை வேய்ந்த சிறு கடைகள், நடுவே திறந்த முற்றம், பல மாநிலங்களின் உணவுக் கடைகள் என அமைந்த அவ்விடம் பளிங்குத் தரையும் குளிரூட்டியும் உள்ள வணிக வளாகங்களுக்கு முற்றிலும் மாறானது.

ஆயினும் அதன் உயிர்நாடி கட்டடத்தில் இல்லை; ஒரு விதியில் இருக்கிறது. கைவினைக் கடைகளிற் பெரும்பாலானவை எவருக்கும் நிலையாகத் தரப்படுவதில்லை. கைவினைஞர் என்று அரசு வழங்கிய அடையாள அட்டை உள்ளவர்கள் விண்ணப்பித்து, முறை வரும்போது பதினைந்து நாள்களுக்கு ஒரு கடையைப் பெறுகிறார்கள். நாள் முடிந்ததும் மூட்டை கட்ட வேண்டும். அடுத்த பதினைந்து நாள் அவ்விடத்தில் வேறொருவர் இருப்பார். ஊர் ஊராக வணிகர் நகர்ந்த பழைய சந்தையை ஓரிடத்தில் நிறுத்திவைத்து ஆள்களை மட்டும் நகர்த்தும் ஏற்பாடு இது எனலாம். கடை அழிவதற்கென்றே திறக்கப்படுகிறது. அதனாலேயே அங்காடி வாழ்கிறது. சென்ற மாதம் வந்தவருக்கு இம்மாதம் புதிதாகக் காண ஏதேனும் இருக்கிறதல்லவா?

இவ்விதி மட்டுமே வெற்றிக்குக் காரணமென்றால், பின்னர் பீதம்புராவில் 2008-லும் ஜனக்புரியில் 2014-லும் திறக்கப்பட்ட தில்லி ஹாட்டுகளும் அவ்வாறே செழித்திருக்க வேண்டும். அதே பெயர், அதே நோக்கம், முன்னதைவிடப் புதிய கட்டடம். எனினும் ஐ.என்.ஏ. வளாகத்தின் நெரிசல் அவற்றுக்கு வாய்க்கவில்லை. கடைகள் காலியாகக் கிடப்பது பற்றிய செய்திகளே அடிக்கடி வந்தன. மெட்ரோ நிலையம் அருகில் இல்லாததே குறையென்று சொல்வதற்கும் இல்லை. பீதம்புரா வளாகம் நேதாஜி சுபாஷ் பிளேஸ் மெட்ரோ நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. ஐ.என்.ஏ. வளாகமோ தன் மெட்ரோ நிலையம் 2010-ல் திறக்கப்படும் முன்பே பதினாறு ஆண்டுகள் கூட்டத்தோடுதான் இருந்தது.

நாம் கருதும் காரணம் வேறு. ஐ.என்.ஏ. வளாகத்தின் எதிரிலேயே மீனும் காய்கறியும் மளிகையும் விற்கும் பழைய சந்தை இருக்கிறது. தென்னாட்டவர் முருங்கைக்காயும் தேங்காயெண்ணெயும் தேடி வருமிடம் அது. கித்வாய் நகர், இலட்சுமிபாய் நகர், சரோஜினி நகர் என அரசு ஊழியர் குடியிருப்புகள் சூழ்ந்திருக்கின்றன. எல்லா மாநிலத்தாரும் வாழ்ந்த பகுதி. ஊரை விட்டு வந்த ஒருவருக்கு ஊர்த் துணியும் ஊர்ச் சாப்பாடும் ஓரிடத்தில் கிடைத்தால் அவர் மறுபடியும் வருவார். தம் விருந்தினரையும் அழைத்து வருவார். சுற்றுலாப் பயணிகளுக்கென்று சொல்லப்பட்ட அவ்விடத்தைத் தாங்கி நிற்போர், நமது கணிப்பில், சுற்றுலாப் பயணிகள் அல்லர், அந்நகரத்தார்.

இதில் வணிகத்தின் அடிப்படை ஒன்று அடங்கியிருக்கிறது. வழிப்போக்கர் ஒருமுறைதான் வாங்குவார். அவரிடம் விலையைக் கூட்டிச் சொல்லலாம். சாயம் போகும் துணியைத் தரலாம். அவர் திரும்பி வந்து கேட்கப்போவதில்லை. உள்ளூர்க்காரரோ அடுத்த வாரம் துணியோடு வந்து நிற்பார். அவரை நம்பிய கடை நேர்மையாக இருந்தே தீர வேண்டும். பயணிகளை மட்டும் நம்பிய அங்காடிகளில் சாவிக்கொத்தும் பொம்மை யானையும் பெருகுவதற்கும், ஒரு கடையில் கண்டதையே அடுத்த கடையிலும் காண்பதற்கும் காரணம் இதுவே.

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையைப் பாடம் சொல்லும்போதெல்லாம் நாம் மாணவரிடம் ஒன்றைச் சுட்டிக்காட்டுவதுண்டு. மருவூர்ப்பாக்கத்தில் பிட்டு விற்கும் காழியரும் அப்பம் சுடும் கூவியரும் இருக்கிறார்கள். நெய்யும் காருகரும் குயவரும் பொற்கொல்லரும் இருக்கிறார்கள். கடல் கடந்து வந்த யவனரும் அங்கேயே தங்கியிருக்கிறார்கள். உணவும் கைவினையும் அயலாரும் ஒரே பகுதியில்! ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. புகாரில் கைவினைஞர் வாழ்ந்த தெருவுக்கு அயலார் வந்தனர். இன்று அயலார் வரும் வளாகத்துக்குக் கைவினைஞர் போகிறார். தங்கும் செலவும் பயணச் செலவும் சுமைகூலியும் அவருடையவை.

இச்செலவின் கனத்தை நாம் உணர்ந்தது 2019-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில். கருத்தரங்கொன்றுக்காகத் தில்லி சென்றிருந்த நாம் ஒரு மாலை தில்லி ஹாட்டில் பத்தமடைப் பாய் விற்கும் அம்மையார் ஒருவரைக் கண்டோம். நெல்லையில் நம் வீட்டிலிருந்து அரைமணி நேரத் தொலைவிலுள்ள ஊரின் பாய், அந்தக் குளிரில் சுருட்டி நிறுத்தப்பட்டிருந்தது. கோரையை ஓடுநீரில் ஊறவைத்து, முடியிழைபோல் வகிர்ந்து, பருத்தி அல்லது பட்டுப் பாவில் கோத்து நெய்யும் நுண்பாய்க்குப் பல வாரங்கள் ஆகும். விலையைக் கேட்டுவிட்டு, "இது வெறும் பாய்தானே?" என்று பலரும் கையை உதறிப் போனதை நாம் நின்றிருந்த அரைமணியில் பார்த்தோம். சற்றுத் தொலைவில் மோமோ விற்கும் கடைமுன் வரிசை நீண்டிருந்தது.

"எல்லாம் சாப்புட வந்த கூட்டம் சார். போறபோக்குல நம்மளையும் பாத்துட்டுப் போகுது" என்றார் அம்மையார். அதில் குறையேதும் தொனிக்கவில்லை. செலவெல்லாம் போக என்ன மிஞ்சும் என்று கேட்டோம். அவர் கைப்பேசியை எடுத்துக் காட்டினார். "பதினஞ்சு நாள்தான் சார் கடை. அப்புறம் ஊருக்குப் போயிர வேண்டியதுதான். இந்தா இருக்குல்லா, இதுதான் எங்க கடை." முந்தைய ஆண்டுகளில் பாய் வாங்கியவர்களின் எண்கள் அதில் இருந்தன. கல்யாணச் சீருக்கு, தொழுகைக்கு, புதுவீட்டுக்கு என்று அவர்கள் கேட்கக் கேட்க, ஊரிலிருந்து அனுப்புவார்களாம். நாமும் ஒரு பாய் வாங்கி, எண்ணைப் பெற்றுக்கொண்டோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. சந்தைகள் யாவும் மூடின. சில மாதங்கள் கழித்து அழைத்தபோது, தறி நிற்கவில்லை என்று அவர் சொன்னார். கைப்பேசியில் இருந்தவர்களுள் சிலர் வாங்கியிருந்தனர். வேறு ஊர்களில் இருந்து தில்லிக்கு வந்துபோன, இத்தகைய எண்கள் இல்லாத சிலர் கூலிவேலைக்குப் போய்விட்டதாகவும் கேள்விப்பட்டாராம்.

அன்றிலிருந்து தொடக்கக் கேள்வியை நாம் இரண்டாகப் பிரித்தே பார்க்கிறோம். வளாகம் பிழைக்குமா என்பது ஒன்று. கைவினைஞர் பிழைப்பாரா என்பது மற்றொன்று. முன்னதற்கு மோமோவும் நுழைவுச்சீட்டும் போதும். பின்னதற்குப் போதா. பதினைந்து நாள் விதி அங்காடியைப் புதுமையாக வைக்கிறது. அதே விதி கைவினைஞருக்கு வாடிக்கையாளர் சேர விடாமலும் தடுக்கிறது. முறைப்படி வந்தவர் பெயரில் இடைத்தரகர் அமர்ந்து ஆலைத்துணியைக் கைத்தறி என்று விற்கும் புகாரும் நெடுநாளாக உண்டு. அவ்வாறு ஏமாந்தவர் அடுத்த முறை வரும் உண்மையான நெசவாளரையும் நம்பமாட்டார்.

2025 ஏப்ரல் 30 இரவு தில்லி ஹாட்டில் தீப்பிடித்து இருபதுக்கும் மேற்பட்ட கடைகள் எரிந்தன. உயிர்ச்சேதம் இல்லை என்பது ஆறுதல். ஆனால் பதினைந்து நாள் கடைக்காக ஊரிலிருந்து கொண்டுவந்த பல மாத உழைப்பு ஓரிரவில் சாம்பலாயிற்று. கடையைத் திரும்பக் கட்டிவிடலாம். அதில் இருந்த சரக்கை எந்தத் துறையும் திரும்ப நெய்ய இயலாது.

எனவே இத்தகைய வளாகங்களை நடத்துவோர் வருகையாளரின் எண்ணிக்கையைச் சொல்லி மகிழ்வதோடு நின்றுவிடக் கூடாது. சென்ற ஆண்டு வந்த பாய்க்காரரை இந்த ஆண்டு தேடுகிறவருக்கு அவருடைய பெயரும் ஊரும் அடுத்து வரும் நாளும் சொல்ல ஒரு பலகையேனும் வாயிலில் வேண்டும். கைவினைஞரின் முறை எப்போது வரும் என்பது அவருக்கே முன்கூட்டித் தெரிய வேண்டும். அமர்ந்திருப்பவர் உண்மையில் செய்தவர்தாமா என்று பார்க்க வேண்டும். இவற்றுக்குப் பெரும்பணம் தேவையில்லை.

வாங்குவோராகிய நம் பங்கு அதனினும் எளிது. விலையைக் குறைக்கச் சொல்லி வாதாடும் நேரத்தில் செய்தவரின் எண்ணைக் கேட்டு வாங்கலாம். அடுத்த தேவைக்கு அவரையே அழைக்கலாம். ஒருமுறை வாங்குவது வழிப்போக்கு. இரண்டாம் முறை வாங்குவதே வாடிக்கை. நெசவு செய்யும் கைக்கு அந்த இரண்டாம் முறைதான் சோறு போடுகிறது.